பத்து ஆண்டு மௌனம்

புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது நாராயண்காவ். மகாராஷ்டிர மக்களுக்கு இந்த ஊர் இரண்டு காரணங்களால் பழக்கம். ஒன்று, தக்காளிச் சந்தை. இன்னொன்று, தமாஷா. டோல்கியும் சலங்கையும் முழங்கும் இந்த நாட்டுப்புற நாடகக் குழுக்கள் பலவும் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் புறப்படுகின்றன. ஆனால் சற்றுத் தள்ளி, கோடத் கிராமத்து வயல்களுக்கு நடுவே நிற்கும் விருந்தாளிகளுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான ஒன்று: நிசப்தம்.

விருந்தாளிகள் என்பது 45 மீட்டர் அகலமுள்ள ராட்சத ஆன்டெனாக்கள். மொத்தம் 30. இவற்றில் 14 ஆன்டெனாக்கள் ஒரு கி.மீ. சதுரத்துக்குள் கூடி நிற்க, மீதி 16 மூன்று கைகளாகப் பிரிந்து வயல்களையும் குன்றுகளையும் தாண்டி 25 கி.மீ. வரை பரவியிருக்கின்றன. முப்பதும் சேர்ந்து ஒரே காதாக வானத்தைக் கேட்கின்றன. ஜி.எம்.ஆர்.டி. என்று உலகம் அறிந்த இந்த ரேடியோ தொலைநோக்கியை இயக்குவது, டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஒரு பிரிவாக புனே பல்கலைக்கழக வளாகத்தில் செயல்படும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம்.

2018 டிசம்பரில் பிரிட்டனிலுள்ள ஜோட்ரல் பேங்க் வானாய்வகத்திலிருந்து ஒரு செய்தி கிளம்பியது. 2008-ன் இறுதியிலிருந்து வாய் திறக்காமல் கிடந்த ஒரு நட்சத்திரம் திடீரென்று பேசத் தொடங்கிவிட்டது. அதன் பெயர் எக்ஸ்டிஇ ஜே1810-197. சுமார் 8,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் தனுசு ராசி மண்டலத் திசையில் இருப்பது. பத்தாண்டு மௌனத்தை ஏன் கலைத்தது, எத்தனை நாள் பேசும், எப்போது மீண்டும் உறங்கும் என்று யாராலும் கூற முடியாத நிலை. கோடத் ஆன்டெனாக்கள் விரைவிலேயே அந்தத் திசை நோக்கித் திரும்பின.

அவை கேட்டது மனிதன் அறிந்த காந்தங்களிலேயே வலுவான ஒன்றின் குரலை. அதைக் கேட்பதற்குத் தேவையான நிசப்தத்துக்கு நாராயண்காவ் மக்கள் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பது, சில ஆண்டுகளாக ஒரு ரயில் பாதையின் உருவில் எழுந்திருக்கும் கேள்வி.

முதலில் காந்தம். பூமியின் காந்தப்புலம் சுமார் அரை காஸ். திசைகாட்டி முள்ளைத் திருப்ப அது போதும். ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்தில் 15,000 காஸ். அந்த அறைக்குள் சாவிக்கொத்தோடு நுழைய அனுமதி கிடையாது. பூமியில் சோதனைக்கூடங்களில் விடாமல் நிலைநிறுத்தப்படும் மிக வலுவான புலங்களே சுமார் நாலரை லட்சம் காஸ்தான். மேக்னடார் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் நட்சத்திரங்களில் இது ஒரு கோடி கோடி காஸிலிருந்து பத்து கோடி கோடி காஸ் வரை. கோடியைக் கோடியால் பெருக்கியது. அதன் அருகில் ஓர் அணுவே தன் உருண்டை வடிவத்தை இழந்து ஊசிபோல நீண்டுவிடும். நல்லவேளையாக, தெரிந்த மேக்னடார்கள் எல்லாமே பூமியிலிருந்து பல ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கின்றன. இதுவரை அடையாளம் காணப்பட்டவை சுமார் 30 மட்டுமே.

இப்படியொரு பொருள் உருவாவது எப்படி? கதையின் தொடக்கத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஓர் இளைஞர் வருகிறார். 1930 ஜூலை 31-ந் தேதி, மேற்படிப்புக்காக பம்பாயில் கப்பலேறியபோது சுப்ரமணியன் சந்திரசேகருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கும் நட்சத்திரம் எவ்வளவு எடை வரை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் என்று அந்தப் பயணத்தில் கணக்கிட்டார். பின்னர் அவர் செம்மைப்படுத்திய அந்த எல்லை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் நொறுங்கிச் சரிவதைத் தவிர வேறு வழியில்லை. அன்று பலர் ஏற்க மறுத்த இந்த எல்லை, 1983-ல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வுகளின் அடித்தளம்.

சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடை கொண்ட நட்சத்திரங்களுக்கு இந்த விதி கடைசிக் காலத்தில் வந்து சேர்கிறது. மையத்தில் சேர்ந்த இரும்பு சந்திரசேகர் எல்லையை எட்டியதும், ஏறத்தாழ பூமி அளவுள்ள அந்த உள்ளகம் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் உள்நோக்கிச் சரிகிறது. வெளி அடுக்குகள் சூப்பர்நோவாவாக வெடித்துச் சிதறுகின்றன. மிஞ்சுவது புனே நகர எல்லைக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் உருண்டை. அதன் குறுக்களவு 20 முதல் 25 கி.மீ. எடையோ சூரியனைவிட அதிகம். அந்தப் பொருளில் ஒரு கற்கண்டுத் துண்டு அளவு பல கோடி டன் கனக்கும். இதுதான் நியூட்ரான் நட்சத்திரம். நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1934-ல், வால்டர் பாடேயும் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கியும் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது கண்ணில் பட 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல் தன் ரேடியோ பதிவுத் தாளில் 1.337 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் ஒரு கீற்றைக் கவனித்தார். அதுதான் முதல் பல்ஸார்.

அந்தத் துடிப்புக்குக் காரணம் காந்தம் என்பதை உறுதிப்படுத்தியதில் ஒரு சென்னைக்காரருக்குப் பங்கு உண்டு. சர் சி.வி. ராமனின் மகனான வி. ராதாகிருஷ்ணன் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் டி.ஜே. குக்குடன் சேர்ந்து வேலா பல்ஸாரை ஆராய்ந்தார். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் ரேடியோ அலையின் அதிர்வுத் திசை ஒரே சீராகத் திரும்பியது. நட்சத்திரத்தின் காந்தத் துருவம் கலங்கரை விளக்கின் வெளிச்சம்போல் சுழன்று பூமியைக் கடந்து செல்கிறது என்று கொண்டால் மட்டுமே இதற்கு விளக்கம் கிடைத்தது. 1969-ல் வெளியான இந்த விளக்கம் இன்றும் பல்ஸார் ஆய்வின் அரிச்சுவடி. 1972-ல் ராதாகிருஷ்ணன் பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார். நியூட்ரான் நட்சத்திரங்களின் காந்தம் எப்படிப் பிறந்து எப்படித் தேய்கிறது என்ற கேள்வி அங்கே ஒரு பரம்பரையாகவே வளர்ந்தது.

சாதாரணப் பல்ஸாரின் காந்தப்புலம் சுமார் ஒரு லட்சம் கோடி காஸ். இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. விரிந்த கூந்தலை அள்ளி முடிந்தால் மயிரிழைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, நெருக்கம்தான் கூடுகிறது. நட்சத்திரம் சுருங்கும்போது அதனூடே ஓடும் காந்தக் கோடுகளுக்கும் இதே கதி. ஏழு லட்சம் கி.மீ. ஆரமுள்ள ஒரு நட்சத்திரம் 10 கி.மீ. ஆரத்துக்குச் சுருங்குவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அதன் காந்தம் சுமார் 490 கோடி மடங்கு பெருகும். தொடக்கத்தில் 100, 200 காஸ் இருந்தால் போதும், பல்ஸார் அளவுக்கு வந்துவிடலாம். ஆனால் மேக்னடாருக்கு இன்னும் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

முதல் கட்சியின் தலைவர்கள், மேக்னடார் என்ற பெயரையே 1992-ல் சூட்டிய ராபர்ட் டங்கன், கிறிஸ்டோபர் தாம்ப்சன். காந்தம் பரம்பரைச் சொத்து அல்ல, பிறந்தவுடன் சம்பாதித்தது என்பது இவர்கள் வாதம். புதிதாய்ப் பிறந்த நியூட்ரான் நட்சத்திரம் கொதிக்கும் திரவம். அது விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழன்றால், சுழற்சியும் கொதிப்பும் சேர்ந்து மத்தால் தயிர் கடைவதுபோல் உள்ளிருக்கும் காந்தக் கோடுகளை முறுக்கி, மடித்து, பெருக்கிவிடும். எல்லாம் முதல் பத்து விநாடிகளுக்குள். வெண்ணெய் திரண்டால் மேக்னடார், திரளாவிட்டால் வெறும் பல்ஸார்.

அழகான வாதம். ஒரே சிக்கல்: அவ்வளவு வேகமாகச் சுழன்ற பொருள் தன் சுழற்சி சக்தியை வெளியே கொட்டியிருக்க வேண்டும். அப்படியானால் அதைப் பெற்ற சூப்பர்நோவாவின் சிதறல் மேகம் வழக்கத்தைவிட ஆவேசமாக விரிந்திருக்க வேண்டும். சில மேக்னடார்களைச் சூழ்ந்திருக்கும் சிதறல்களை ஜாக்கோ விங்க், லூசியன் கைப்பர் இருவரும் அளந்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவை சாதாரண வெடிப்புகளாகவே தெரிந்தன. கொட்டப்பட்ட சக்தியைக் காணோம்.

இங்கே இரண்டாவது கட்சி குரலை உயர்த்துகிறது. காந்தம் தாயிடமிருந்து வந்த சீதனம் என்பது இவர்கள் கருத்து. கனமான நட்சத்திரங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று பிறவியிலேயே ஆயிரக்கணக்கான காஸ் காந்தத்தோடு காணப்படுகிறது. அவை ஒடுங்கினால் மேக்னடார் கிடைக்கலாம். 2023-ல் இந்தக் கட்சிக்கு ஒரு வலுவான சாட்சி அகப்பட்டது. சுமார் 3,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எச்டி 45166 என்ற ஹீலியம் நட்சத்திரத்தில் 43,000 காஸ் காந்தம் இருப்பதை டோமர் ஷெனார் தலைமையிலான குழு கண்டறிந்தது. சூரியனைப்போல் இரு மடங்கு எடையுள்ள இது ஒருநாள் வெடித்து ஒடுங்கினால், மிஞ்சும் நியூட்ரான் நட்சத்திரத்தில் காந்தம் ஒரு கோடி கோடி காஸ் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. மேக்னடாரேதான்.

பிறவியிலேயே காந்தம் கொண்ட நட்சத்திரங்களைத் தேடுவதில் புனே முன்வரிசையில் இருக்கிறது. தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த பர்ணாலி தாஸ், பூனம் சந்திரா இருவரும், சூரியனைவிட வெப்பமான சில காந்த நட்சத்திரங்கள் சுழலும்போது பல்ஸார் பாணியில் ரேடியோ துடிப்புகளை வீசுவதை கோடத் ஆன்டெனாக்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். இந்த இனத்தின் முதல் நட்சத்திரம் 2000-ல் தெரியவந்தது. மிக அரிய இனம் என்றே வெகுகாலம் கருதப்பட்டது. 2021-ல் புனே குழு ஒரே மூச்சில் எட்டைச் சேர்த்தது. அதற்குள் தெரிந்திருந்த 15-ல் 11 ஜி.எம்.ஆர்.டி.யின் கண்டுபிடிப்பு. இவையெல்லாம் மேக்னடார் ஆகிவிடும் என்பதல்ல. பலவற்றுக்கு அந்த எடை போதாது. ஆனால் உயிருள்ள நட்சத்திரத்தில் வலுவான காந்தம் நெடுங்காலம் எப்படி நிலைத்து நிற்கிறது என்பதற்கு இவை நேரடி ஆதாரம். இரு கட்சிகளில் எது வெல்லும் என்பது இன்னும் தீரவில்லை. இரண்டு வழியிலுமே மேக்னடார்கள் பிறக்கலாம் என்று சமரசம் பேசுவோரும் உண்டு.

பிறந்த மேக்னடாரின் வாழ்க்கை ஆர்ப்பாட்டமானது, குறுகியது. சாதாரணப் பல்ஸார் ஒரு பம்பரம். சுற்றும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஓட்டும். மேக்னடாரின் காந்தமோ தானே போட்ட பிரேக் மாதிரி. சில ஆயிரம் ஆண்டுகளிலேயே சுழற்சியை இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றுக்கு இரண்டிலிருந்து பன்னிரண்டு விநாடி என்ற அளவுக்கு மந்தமாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் அது ஒளிர்வதற்குக் காரணம் சுழற்சி அல்ல. காந்தமே கரைந்து வெப்பமாகவும் எக்ஸ் கதிராகவும் மாறுகிறது. சொத்தை விற்றுச் சாப்பிடும் ஜமீன்தார் கதைதான். உள்ளே முறுக்கிக் கிடக்கும் காந்தக் கோடுகள் நழுவும்போது, மேலே சுமார் ஒரு கி.மீ. தடிமனுள்ள ஓடு இழுபடுகிறது. எஃகைவிட 1,000 கோடி மடங்கு உறுதியானது என்று 2009-ல் கணிக்கப்பட்ட ஓடு அது. அதுவும் ஒரு கட்டத்தில் தாங்காமல் விட்டுக்கொடுக்கிறது. அப்போது நிகழ்வது நட்சத்திர நடுக்கம்.

1979 மார்ச் 5-ந் தேதி சோவியத் யூனியனின் வெனேரா 11, 12 விண்கலங்கள் விண்வெளியில் சென்றுகொண்டிருந்தபோது திடீரென்று காமா கதிர் வெள்ளம் தாக்கி அவற்றின் கருவிகள் திணறின. வெள்ளம் வடிந்த பிறகு எட்டு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெல்லிய துடிப்பு சில நிமிடங்கள் நீடித்தது. அது வந்த இடம் நமது பால்வீதிக்கு வெளியே, 1.6 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள பெரிய மெகல்லானிக் மேகம். எட்டு விநாடிக்கு ஒரு சுற்று என்ற மந்தமான பம்பரத்திடம் இவ்வளவு சக்தி ஏது? இந்தக் கேள்விதான் டங்கனையும் தாம்ப்சனையும் காந்தத்திடம் கொண்டு சேர்த்தது. 1998-ல் கிறிசா குவெலியோட்டு தலைமையிலான குழு எஸ்ஜிஆர் 1806-20 என்ற பொருளின் சுழற்சி எவ்வளவு வேகமாக மந்தமாகிறது என்று அளந்து, மேக்னடார் வெறும் ஊகமல்ல என்று நிலைநாட்டியது.

அதே எஸ்ஜிஆர் 1806-20 ஆறு ஆண்டுகள் கழித்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2004 டிசம்பர் 26-ஐத் தமிழகக் கடற்கரை மறக்காது. சுனாமி தாக்கிய மறுநாள், டிசம்பர் 27-ந் தேதி, சர்வதேச நேரப்படி இரவு, அந்த மேக்னடார் வெடித்தது. சூரியன் ஒரு லட்சம் ஆண்டுகளில் வெளியிடும் சக்தியை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கொட்டியது. இத்தனை தொலைவிலிருந்து வந்தும் அந்தக் கதிர்வீச்சு பூமியின் வளிமண்டல உச்சியிலுள்ள அயனி மண்டலத்தை அசைத்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் இந்திய விஞ்ஞானிகளின் நினைவில் இரண்டும் ஒரே வாரத்தில் பதிந்துவிட்டன. வெடிப்பின் பின் எஞ்சிய ரேடியோ தணலை அளந்த தொலைநோக்கிகளில் ஜி.எம்.ஆர்.டி.யும் ஒன்று. மகாராஷ்டிரத்தின் குருந்த்வாடில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ஸ்ரீநிவாஸ் குல்கர்னி, பூனம் சந்திரா, டாடா கழகத்தின் அலக் ராய் ஆகியோர் இடம்பெற்ற குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு, அந்த மேக்னடாரின் தூரம் 21,000 முதல் 32,000 ஒளியாண்டு வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதுவரை நினைத்ததைவிடக் குறைவு.

இப்போது கோடத்துக்குத் திரும்பலாம். எக்ஸ்டிஇ ஜே1810-197 முதலில் சிக்கியது 2003-ல், எக்ஸ் கதிர் பொங்கியபோது. ஒரு சுற்றுக்கு 5.54 விநாடி. மேக்னடார்கள் ரேடியோ அலை வீசுவதில்லை என்று நம்பப்பட்ட காலம் அது. 2006-ல் ஃபெர்னாண்டோ கமீலோவும் சகாக்களும் இது பளிச்சென்று ரேடியோ துடிப்புகளை வீசுவதை அறிவித்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. ரேடியோவில் பேசிய முதல் மேக்னடார் இதுவே. 2008-ன் முடிவில் அடங்கிவிட்டது. பிறகு பத்தாண்டு மௌனம்.

2018-ல் அது விழித்ததும் ஜி.எம்.ஆர்.டி. மூலம் கவனித்த குழுவின் தலைவர் யோகேஷ் மான். தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் பால் சந்திர ஜோஷி, மயூரேஷ் சுர்னிஸ், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் மஞ்சரி பாக்சி, ஊட்டி ரேடியோ வானியல் மையத்தோடு நெடுங்காலத் தொடர்பு கொண்ட பி.கே. மனோகரன் ஆகியோரும் அதில் இருந்தனர். மற்ற நாடுகளின் பெரிய தொலைநோக்கிகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் கேட்க, கோடத் ஆன்டெனாக்கள் 300 மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கிக் கேட்டன. வழக்கமான துடிப்புக்கு நடுவே கூர்மையான வெடிப்புகள் தெறித்தன. ஒவ்வொன்றும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடித்தது. அவற்றின் அலைவரிசைக்குள் திட்டுத்திட்டாக ஒரு வடிவம். வழியிலுள்ள வாயு மேகங்களால் விளைந்தது என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை. நட்சத்திரமே அப்படித்தான் பேசுகிறது. இந்த வடிவம் முதல் கட்டத்தில் அதிகமாகவும் பின்னர் குறைவாகவும் காணப்பட்டது.

இதில் என்ன பெரிய விஷயம்? 2007 முதல் வானியலைக் குழப்பிவந்த ஒரு மர்மம் உண்டு. தொலைதூர அண்டங்களிலிருந்து எப்போதாவது ஒரு ரேடியோ மின்னல் வரும். கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. யார் வீசுகிறார்கள் என்று தெரியாது. திரும்பத் திரும்ப வரும் சில மின்னல்களிலும் இதைப்போன்ற திட்டுத்திட்டான வடிவம் இருந்தது. இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்று மான் குழுவினர் 2019-ல் சுட்டிக்காட்டினார்கள். 2020 ஏப்ரல் 28-ந் தேதி, பால்வீதிக்குள்ளேயே இருக்கும் எஸ்ஜிஆர் 1935+2154 என்ற மேக்னடார் அப்படியொரு மின்னலை வீசியது. கனடாவிலும் அமெரிக்காவிலும் அது பதிவாயிற்று. எல்லா மின்னல்களுக்கும் இல்லாவிட்டாலும், சிலவற்றுக்காவது மேக்னடார்கள் பொறுப்பு என்பது உறுதியானது.

கோடத்தில் கேட்டது முதல் கட்டத்தில்தான் அதிகத் தெளிவாக ஒலித்தது என்பது இங்கே முக்கியம். தாமதமாகக் கேட்டிருந்தால் பாதிக்கதை போயிருக்கும்.

முதுமையில் மேக்னடார் என்னவாகிறது? சுமார் பத்தாயிரம் ஆண்டுகளில் காந்தச் சொத்து கரைந்துவிடுகிறது. அதனால்தான் தெரிந்த மேக்னடார்கள் இவ்வளவு குறைவு. நியூட்ரான் நட்சத்திரங்களில் பத்தில் ஒன்றாவது மேக்னடாராகப் பிறந்திருக்க வேண்டும் என்பது கணிப்பு. மற்றவை அடங்கிப்போய் எங்கோ இருளில் சுற்றுகின்றன. ஆனால் அடங்கியது என்று நினைத்ததும் ஏமாற்றும். 2009-ல் அகப்பட்ட எஸ்ஜிஆர் 0418+5729, வெளியே சாதாரணப் பல்ஸார் அளவு காந்தம் மட்டுமே காட்டிக்கொண்டு மேக்னடார்போல் வெடித்தது. மீதி காந்தத்தை ஓட்டுக்குள் பதுக்கி வைத்திருந்தது என்பது விஞ்ஞானிகள் முடிவு.

காந்தம் தேய்வதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1982-ல் டொனால்டு பேக்கரும் அன்று மாணவராக இருந்த குல்கர்னியும் சகாக்களும் விநாடிக்கு 642 முறை சுழலும் ஒரு பல்ஸாரைக் கண்டுபிடித்தனர். காந்தமோ வெறும் பத்துக் கோடி காஸ் அளவு. பெங்களூரில் ராதாகிருஷ்ணனும் ஜி. ஸ்ரீநிவாசனும் அதே ஆண்டு இதற்கு விளக்கம் தந்தனர். வயதான நியூட்ரான் நட்சத்திரம் பக்கத்துத் துணை நட்சத்திரத்தின் பொருளை உறிஞ்சி மறுபடி வேகம் பெறுகிறது என்றார்கள். உறிஞ்சிய பொருளின் கீழே பழைய காந்தம் புதைந்து தேய்வதை, அங்கே ஆராய்ச்சி செய்துவிட்டுப் பின்னர் புனேயின் ஐயூகா மையத்தில் பணியாற்றிய தீபங்கர் பட்டாச்சார்யாவும், தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்துக்கு வந்த சுஷான் கோனரும் 1990-களில் விரிவாகக் கணக்கிட்டனர்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது கோவிந்த் ஸ்வரூப்பின் பிடிவாதம். ஊட்டிக்கு அருகே முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை 1970-ல் நிறுவியவர் அவர். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம் என்பதைப் பயன்படுத்தி, ஒரே அச்சில் திருப்பினாலே நட்சத்திரங்களைத் தொடரும்படி செய்தார். அடுத்த கனவு இன்னும் பெரியது, பணமோ கொஞ்சம். இரும்புத் தகட்டுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையைக் கயிறுகளால் இழுத்துக் கட்டிய லேசான கிண்ணங்களை வடிவமைத்தார்கள். காற்று ஊடுருவிப் போய்விடும். ரேடியோ அலை போகாது. மேற்குத் தொடர்ச்சி மலைகளின் மறைப்பு, நகரத்திலிருந்து போதிய தூரம், குறைவான ரேடியோ இரைச்சல் என்பதையெல்லாம் பார்த்துத்தான் கோடத் தேர்வானது. 2001 அக்டோபரில் தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஸ்வரூப் 2020 செப்டம்பர் 7-ந் தேதி காலமானார்.

அன்று அமைதியாக இருந்த இடம் இன்று அப்படியில்லை. வானத்திலிருந்து வரும் சமிக்ஞையோடு ஒப்பிட்டால் ஒரு செல்போன் இடிமுழக்கம். மின்கம்பத்தில் தெறிக்கும் தீப்பொறியும் ரேடியோ அலை எழுப்பும். மின்சார ரயிலின் மேல்கம்பியில் தெறிக்கும் பொறியும் அப்படியே.

அங்கேதான் மோதல். புனேக்கும் நாசிக்குக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது. சாகன், நாராயண்காவ், சங்கம்னேர் வழியாக சுமார் 235 கி.மீ. நீளத்தில் வேக ரயில் பாதை அமைக்கத் திட்டம் வந்தது. விவசாய விளைபொருளை நகரச் சந்தைக்கு அனுப்பும் ஒரு வட்டாரத்துக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் பாதை தொலைநோக்கிக்கு அருகே போனது. ஆட்சேபம் எழுந்தது. 2025-ல் ரயில்வே அமைச்சகம் பழைய பாதையைக் கைவிட்டு, அகில்யாநகர், ஷிர்டி வழியாகச் சுற்றிப்போகும் மாற்றுப் பாதையை முன்வைத்தது. பழைய பாதையே வேண்டும் என்று ஜுன்னர், நாராயண்காவ் பகுதியில் குரல்கள் எழுந்தன.

இதை அறிவியலுக்கும் அறியாமைக்கும் நடக்கும் சண்டையாகச் சித்திரிப்பது எளிது, தவறும்கூட. தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28-ல் தொலைநோக்கியைப் பார்க்கக் குழந்தைகளோடு திரளும் கூட்டத்தில் இந்த வட்டார மக்கள் நிறையப் பேர். தங்கள் வயல்களுக்கு நடுவே இப்படி ஒன்று நிற்பதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் கண்டுபிடிப்பின் பலன் உலகத்துக்கு. ரயில் வராத இழப்பு நாராயண்காவுக்கு. தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் இதைவிடப் பெரிய தொலைநோக்கிகளுக்கு ஆள் நடமாட்டமில்லாத பரந்த நிலத்தை ஒதுக்கி, ரேடியோ அமைதிக்குச் சட்டப் பாதுகாப்பும் தந்திருக்கின்றன. மக்கள் நெருங்கி வாழும் நாட்டில் அந்த வசதி இல்லை. இங்கே நிசப்தம் என்பது பக்கத்து வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்தால் கிடைப்பது. விட்டுக்கொடுப்பவருக்கு நல்ல சாலையோ, குளிர்பதனக் கிடங்கோ, வேறு வழியில் சந்தைத் தொடர்போ, ஏதோ ஒன்று திருப்பித் தரப்பட வேண்டும். ரயில் பாதையை நகர்த்துவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.

தொலைநோக்கியை நகர்த்தலாமே என்று கேட்கலாம். 25 கி.மீ. பரந்து கிடக்கும் முப்பது ஆன்டெனாக்களைப் பெயர்த்து நட இன்னொரு அமைதியான இடம் அருகில் இல்லை. அதற்குள் ஏதாவது ஒரு மேக்னடார் விழித்துக்கொள்ளும். அவை முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. 2018-ல் அந்த நட்சத்திரம் பத்தாண்டுகளுக்குப் பிறகு வாய் திறந்தபோது, கோடத்தில் கேட்பதற்குக் காதும் இருந்தது, அமைதியும் இருந்தது.